மணிக்கு நூறு

“கம்ப்யூட்டர்ல கல்யாணப் பத்திரிகை அனுப்பறது நீதானாப்பா?”

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார் பெரியவர். ஹேமநாத் பழக்கத்தில் தெலுங்கில் உட்காரச் சொன்னான். அவர் தமிழிலேயே தொடர்ந்தார். சத்தியவேடு பக்கத்தில் ஒரு கிராமமாம். பஸ் மாறி மாறித் திருப்பதி வந்தவர், மலைக்குப் போகாமல் நேராக இந்தக் கடைக்கு வந்திருந்தார்.

இந்தக் கடையை நம்பி அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் வந்ததில்லை. அமெரிக்காவில் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் கொஞ்சம் இடத்தை வாடகைக்குப் பிடித்து, அதைத் துண்டு போட்டு லாட்ஜுக்காரர்களுக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கும் உள்வாடகைக்கு விடுவது ஹேமநாத்தின் தொழில். வெப்சைட், மெயில் எல்லாம் அதிலேயே அடக்கம். கார்டில் ‘மேனேஜிங் டைரக்டர்’ என்று போட்டிருந்தான். மேனேஜ் செய்வதற்கு ஒரு மின்விசிறி இருந்தது. அதுவும் அவன் சொல்வதைக் கேட்பதில்லை.

“எங்க ஊரு சிவசங்கரன் கல்யாணம் போன மாசம் இங்க நடந்துச்சாமே. பத்திரிகையெல்லாம் நீதான் மெயில்ல அனுப்பினியாம். எங்க வூட்டுக்கு வரல. பக்கத்து வூட்டுப் பொண்ணு ரூபா செல்லுல மெயிலெல்லாம் வரும், அதுலயும் வரல. அதான், இன்னா ஆச்சுன்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்.”

ஹேமநாத்துக்கு முகம் சுட்டது.

சிவசங்கரன் அவனோடு கல்லூரி விடுதியில் இருந்தவன். இப்போது பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. பெண்ணுக்கு ஹைதராபாத், பெரிய இடம். அழைக்க வேண்டியவர்களின் பெயர்களைக் கொடுத்தபோது அவன் ஹேமநாத்தின் கண்ணைப் பார்க்கவில்லை. “ஊர்க்காரங்க யாரும் வேணாம்டா. நாங்க கூலிக்குப் போன குடும்பம்னு பொண்ணு வீட்டுக்குத் தெரியாது” என்றான்.

ஹேமநாத் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? நகரிக்குப் பக்கத்தில் கரும்பு வெட்டுகிற வீட்டில் பிறந்துவிட்டு, சொந்த ஊர் கேட்பவர்களிடமெல்லாம் ‘சென்னை சைடு’ என்று சொல்லித் திரிகிறவன் அவன். அனுப்பிய பத்திரிகைகள் நூறைக்கூடத் தொடவில்லை. அந்தப் பட்டியலில் ஹேமநாத்தின் பெயரும் கிடையாது. அனுப்புகிறவனுக்கு எதற்கு அழைப்பு என்று சிவசங்கரன் நினைத்தான் போலிருக்கிறது.

பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“ஊர்ல ஒரு மாதிரி பேசறாங்கப்பா. பத்திரிகை வெக்காத வூடுன்னா இன்னா அர்த்தம்னு உனுக்கே தெரியும்.”

தெரியும். அந்தப் பக்கத்தில் வரப்புச் சண்டை போட்டு முகம் பார்க்காத வீட்டுக்குக்கூடக் கல்யாணத்துக்கு மஞ்சள் குங்குமத்தோடு போய்ப் பத்திரிகை வைத்துவிடுவார்கள். வைக்கவில்லை என்றால், நீ எங்களுக்கு யாரும் இல்லை என்று ஊரறியச் சொன்ன மாதிரி.

உண்மையைச் சொல்ல ஹேமநாத்துக்கு வாய் வரவில்லை. பொய் வந்தது.

“தப்பு எங்க பக்கம்தாங்கய்யா. ஒரு மணி நேரத்துக்கு நூறு மெயிலுக்கு மேல போவாது. லிமிட்டு. உங்க பத்திரிகை அதுல மாட்டிக்கிச்சு.”

பெரியவருக்குப் பிடிபடவில்லை. ஹேமநாத் மலையைத் துணைக்கு அழைத்தான். மேலே தரிசனத்துக்குக் கம்பார்ட்மெண்டில் உட்கார வைத்து, கதவைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்களே, அது மாதிரி என்றான். யாரோ சிலர் விளம்பர மெயில்களை ஆயிரக்கணக்கில் அனுப்பித் தொல்லை கொடுக்கிறார்கள், அதற்காக எல்லோருக்கும் சேர்த்து இந்தக் கட்டுப்பாடு என்றான். கட்டுப்பாடு உண்மைதான். இந்தக் கல்யாணத்தில் அதற்கு வேலையே வரவில்லை என்பதைத்தான் விழுங்கினான்.

பெரியவர் விடவில்லை. கதவுக்கு வெளியே நின்றுபோன மெயில் பிறகு போகாதா என்று கேட்டார். சில சமயம் அப்படியே அழிந்துவிடும் என்றான். இந்தக் கட்டுப்பாட்டை வைத்தது யார் என்று கேட்டார். அமெரிக்காக்காரன் என்றான். எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். வாய்க்குள்ளேயே ‘லிமிட்டு, லிமிட்டு’ என்று முணுமுணுத்துப் பார்த்தார். சந்தேகப்படுகிறார் என்று ஹேமநாத்துக்கு வியர்த்தது.

“அனுப்பச் சொன்னவனுக்கு இது தெரியாதா?”

“தெரியாதுங்க. எல்லாருக்கும் போயிடுச்சுன்னுதான் நெனச்சுக்கினு இருப்பான்.” திருப்பதிக்கு வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த ஊர்ப் பேச்சின் ‘கினு’ அவனையும் மீறி வந்து விழுந்தது. “அவன் மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

பெரியவரின் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. எழுந்துகொண்டார். சிவசங்கரனுக்குப் போன் செய்து சொல்வதாகப் பேருக்குச் சொல்லி, யார் வந்ததாகச் சொல்லட்டும் என்று ஹேமநாத் கேட்டான். வேண்டாம் என்று கையசைத்தார்.

“நல்லா சொன்னப்பா. கல்யாணத்துல துன்ன ஜனமே நூறு பேரு இல்லியாம். அங்க கார் ஓட்டின எங்க ஊரு சிட்டிபாபு எங்கிட்ட சொன்னான். அவன் வாய நான் பாத்துக்கறேன்.”

ஹேமநாத்தின் தலை தானாகக் குனிந்தது. பொய் என்று தெரிந்துமா இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று தரையைப் பார்த்தபடி கேட்டான்.

பெரியவர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டார்.

“‘பெத்த நைனாவுக்கே பத்திரிகை வெக்கலியா உம் புள்ள’ன்னு ஊரே கேக்குது. அவன வுட்டுக் குடுக்காம சொல்றதுக்கு எனுக்கு எதுனா ஒண்ணு வேணும் இல்லப்பா?”