மூன்றாவது ஸ்டெப்

"ஸ்டெப்... இந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்? எனக்குத் தெரியாமக் கேக்கலை. உங்க வாயால சொல்லுங்க."

தலைமை அலுவலகத்திலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியிருந்த விசாரணை அதிகாரி, காகிதத்தை மேசைமேல் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"அடின்னு சொல்லலாம் சார். காலடி, படி, கட்டம், நடவடிக்கை... இடத்தைப் பொறுத்து மாறும்," என்றாள் மொழிபெயர்ப்பாளர்.

ஐம்பதை நெருங்கும் பெண். ரசாயன ஆலைக்கு மேலிடத்திலிருந்து இங்கிலீஷில் வரும் அறிவிப்புகளைத் தமிழில் எழுதி, தொழிலாளர்கள் பார்க்கும் பலகையில் ஒட்டுவது பதினோரு வருடமாக அவள் வேலை. முந்தாநாள் வந்த அறிவிப்பில் ஒரே வரி: 'டேங்க் டூ. ஸ்டெப் த்ரீ ரிமூவ்ட்.'

"நீங்க என்ன எழுதி ஒட்டினீங்க?"

"'மூன்றாம் கட்டம் நீக்கப்பட்டது'ன்னு. தொட்டி கழுவுற முறையில ஏழு கட்டம் இருக்கு சார். போன வாரம் பூரா அதைப் பத்தியேதான் அறிவிப்பு வந்துட்டிருந்தது. இதுவும் அதுதான்னு..."

"நினைச்சுட்டீங்க. ஆனா அவங்க வெட்டி எடுத்தது தொட்டிக்குள்ள இறங்குற இரும்பு ஏணியில மூணாவது படியை. நேத்துக் காலையில குழாயைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கின பையன், இல்லாத படியில காலை வச்சுட்டான். முப்பது அடி ஆழம். இருபத்துநாலே வயசு."

அவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சந்தேகம்னா கேட்டிருக்கலாமே?"

"மூணு தடவை போன் பண்ணேன் சார். மேலே யாரும் எடுக்கலை."

அதிகாரியின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அதை எழுதாமலே அடுத்த வரிக்குப் போனது. படி இல்லாத ஏணிக்குக் குறுக்கே ஒரு கயிறுகூடக் கட்டவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அறிக்கை எங்கே போய் முடியவேண்டும் என்று, கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அந்தப் பையனுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க மாட்டான் சார். ஆனா நான் எழுதி ஒட்டினா கண்ணை மூடிக்கிட்டு நம்புவான்."

"நம்பினவனை நல்லாத்தான் கரையேத்தினீங்க போங்க! தப்பு உங்களோடதுன்னு ஒத்துக்கறீங்களா?"

அழுவாள், மல்லுக்கு நிற்பாள், தொழிற்சங்கத்தைக் கூப்பிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார்.

"ஆமா சார். என் தப்புதான்."

பேனாவை வாங்கி, அவர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

இவ்வளவு சுளுவாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. குரலில் கொஞ்சம் இரக்கம்கூட வந்துவிட்டது. "சரி விடுங்கம்மா. வேணும்னே செஞ்சீங்களா என்ன? தண்ணியைக் குடிங்க."

அவள் தம்ளரைத் தொடவில்லை.

அதிகாரி அடுத்த காகிதத்தை எடுத்தார். சடலத்தை ஒப்படைக்கும் படிவம். "ஆமா, அவன் வீட்லேருந்து யாராச்சும் எட்டிப் பாத்தாங்களா? ரெஜிஸ்டர்ல ஒரே ஒரு சொந்தம்தான் இருக்கு. ஸ்டெப் மதராம்." உதட்டைப் பிதுக்கினார். "பெத்தவளா இருந்தா தலைவிரிகோலமா ஓடி வந்திருப்பா. இவங்களுக்கு என்ன வந்தது?"

அவள் அந்தப் படிவத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். 'பெற்றுக்கொள்பவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். 'உறவு' என்ற இடத்தில் 'அம்மா' என்று எழுதினாள்.

"நேத்துக் காலையிலேருந்து அவன் பக்கத்திலதான் சார் உட்கார்ந்திருந்தேன். நீங்க கூப்பிட்டீங்கன்னுதான் எழுந்து வந்தேன்."