தொண்டை எழுத்து

“இக்ஹ்.”

தப்பு என்று தலையாட்டினார் தலைமைச் செவிலி பிர்கிட். ஜெர்மனில் ‘நான்’ என்று சொல்ல இவ்வளவு முரட்டுத்தனம் ஆகாதாம். மெல்ல, மேலண்ணத்தை உரசிக்கொண்டு காற்று வர வேண்டுமாம்.

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்திருந்த அவள், சூப் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள்.

மறுபடியும் தொண்டைதான் பேசியது.

வெள்ளிக்கிழமை பேச்சுத் தேர்வு. இரண்டு முறை தோற்றாயிற்று. இதிலும் போனால் மார்த்தாண்டத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

தமிழ் நாக்கு செய்த குற்றம் என்றாலாவது பொறுத்துக்கொள்ளலாம். இது குவைத் செய்தது. அங்கே ஆஸ்பத்திரியில் பதினோரு வருட வேலை. இந்தக் கரகரப்பு வரவில்லை என்று முதல் இரண்டு வருடம் அரபிகளிடம் திட்டு வாங்கினாள். ஒருவழியாக வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது அதைத் துப்பு என்கிறார்கள்.

“இது எனக்க நாக்கா, சத்திரமா? வாறவனெல்லாம் தங்கிட்டுப் போவதுக்கு?” என்று தமிழில் முணுமுணுத்தாள்.

பிர்கிட் பெருமூச்சு விட்டு அடுத்த அறைக்குப் போனார்.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் ஜாபர். இராக்கிலிருந்து வந்த பெரியவர். ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. மூன்று நாளாக வாயே திறக்கவில்லை. பேச்சும் இல்லை, சாப்பாடும் இல்லை. நாளைக் காலை மூக்கில் குழாய் என்று முடிவாகியிருந்தது.

அவளுடைய கரகரப்பு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

மெல்லத் திரும்பினார்.

அவள் அரபிக்கு மாறினாள்.

“ஹாஜி, கொஞ்சம் சூப் குடிங்க.”

அவர் முகத்தைச் சுளித்தார்.

“அந்த ‘ஹ’ தப்பு மகளே. யார் சொல்லிக் கொடுத்தது?”

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. குவைத்தில்கூட இந்த ‘ஹ’வை ஒருவரும் குறை சொன்னதில்லை. இவருமா?

வேண்டுமென்றே சொல்வதுபோல் அழுத்திச் சொன்னாள். “ஹாஜி.”

பெரியவருக்குப் பொறுக்கவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். கண்ணாடியில் ஆவி ஊதுகிறவரைப்போல் வாயை அகலத் திறந்து காட்டினார்.

“ஹ...”

ஸ்பூன் உள்ளே போயிற்று.

திகைத்தார். விழுங்கினார். நீ சொல் என்று விரலை ஆட்டினார்.

சொன்னாள். அவளே அசந்துபோகும்படி, அச்சாக வந்துவிட்டது.

பெரியவர் திருப்தியுடன் தலையசைத்தார். சாய்ந்து உட்கார்ந்து உதடுகளை மூடிக்கொண்டார்.

கிண்ணம் அப்படியே நிறைந்திருந்தது.

“ஹாஜி,” என்றாள், முடிந்த மட்டும் தப்பாக.