பெயர் அழித்த பற்கள்

சுராபாயாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக் கூடம். ஆய்வுச் சுவரொட்டியின் முன் நின்று பேராசிரியர் ஹெண்டார்டோ பாத்திக் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். ஆய்வகத்துக்கு எப்போதாவது வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனதற்கு மரியாதையாக அவர் பெயர் முதலில், கொட்டை எழுத்தில் இருக்கிறது. எல்லா வேலையும் செய்த மாணவி ரத்ரியின் பெயர் கடைசியில்; அதை அவர் முழங்கை மறைக்கிறது. "மேற்படிப்பு நேர்காணல்ல முதல் கேள்வியே ஆராய்ச்சி அனுபவம்தான், ரத்ரி. உனக்கு இடம் கிடைச்ச மாதிரிதான். அந்தப் புட்டியை மருத்துவக் கழிவு போடுற மஞ்சப் பையில கொட்டிடு." ஆய்வு முடிந்த பற்கள் புட்டிக்குள் சன்னல் வெயிலில் கிடக்கின்றன. "சார், அதுல ஒண்ணு எங்க அம்மாவோடது. பிடுங்கினப்போ, உன் படிப்புக்கு வெச்சுக்கோன்னு குடுத்தாங்க." அம்மா இறந்த நாற்பதாம் நாள் சோற்றை நேற்றுத்தான் தெருவில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். பேராசிரியரின் குரல் இறங்குகிறது. "எதுன்னு சொல்லு, எடுத்துக்கோ." அதுதான் யாருக்கும் தெரியாது. யாருடைய பல் என்று தெரியாதபடி பெயர்களை அழிப்பது ஆய்வின் முறை, அழித்தவள் ரத்ரி. அந்த நேர்த்தியை அவர் சிபாரிசுக் கடிதத்தில் தனியாகப் புகழ்ந்திருக்கிறார். "ரெண்டு பேரும் இங்க பாருங்க, கொஞ்சம் பல்லு தெரியச் சிரிங்க" என்கிறார் படம் எடுப்பவர். பேராசிரியர் சிரிக்கிறார். ரத்ரி புட்டியை வெளிச்சத்துக்கு எதிரே மெல்லச் சாய்த்து, ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.