நத்தை வரைந்த பல்லி

குளியலறைச் சுவர் முழுக்கப் பல்லியக்காளுடையது. அதில்தான் நத்தை தன் ஈரக்கோடுகளை இழுத்து வைத்திருந்தது.

“இது என்னடி, மாடா மரமா?”

“ரெண்டும் இல்லக்கா. மழை விழுந்தப்ப எனக்கு ஜில்லுன்னு இருந்துச்சே, அதுதான்.”

“ஜில்லுன்னு இருந்ததை யாராவது வரைவாங்களா? ஒழுங்கா என்னை வரை. இல்லாட்டி சுவரைக் காலி பண்ணு.”

நத்தைக்கு வேறு ஈரச் சுவர் ஏது? பூனையிடம் வாலை விட்டுவிட்டு அக்காள் ஓடிவந்த நாளை நினைத்துக்கொண்டே ஊர்ந்தது. மனசு திரும்பின பக்கமெல்லாம் கோடும் திரும்பியது.

பல்லி வந்து பார்த்தது. “என் கண்ணு எங்கேடி, காலு எங்கே?” என்று ஆரம்பித்த அது, கோடுகளுக்கு நடுவே விட்டிருந்த வெற்றிடத்தைக் கண்டதும் பின்வாங்கியது.

“பூனை இங்கேதானே நின்னுச்சு?”

“ஆமாக்கா.”

“வரையாமலே பயமுறுத்துறியே. சரி, மேலேயும் இடம் கிடக்கு. ஏறிக்கோ.”