கழுத்துக் கீறல்

மண்மேட்டில் ஏறிக் காற்றில் தாவுவதற்கென்றே ஒரு சைக்கிளைச் சகாயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். காயலான் கடையில் எடுத்த பிரேமை மட்டும் வைத்துக்கொண்டு, கையில் காசு புரளும்போதெல்லாம் மற்றதை ஒவ்வொன்றாக மாற்றினான். கடைசியாக, யாரோ விற்ற ஸ்பிரிங் ஃபோர்க் ஒன்றை வாங்கி முன்சக்கரத்துக்கு மாட்டினான்.

"புதுசு மாதிரி இருக்கே. உன்னை ஏன் வித்தாங்க?" என்று பிரேம் கேட்டது.

"ஓட்ட ஆள் இல்லை," என்றது ஃபோர்க். பிறகு, "உன் கழுத்துல ஒரு கீறல் இருக்கு. அவனுக்குத் தெரியுமா?" என்றது.

"தெரியாது. அதுக்கு மேலதான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். நீயும் சொல்லிடாதே. தெரிஞ்சா என்னைத் திரும்ப எடைக்குப் போட்டுடுவான்."

ஃபோர்க் நினைத்திருந்தால் கிறீச்சிட்டுக் காட்டியிருக்கலாம். சத்தம் வந்தால் சகாயம் குனிந்து பார்ப்பான். ஆனால் பிரேம் போய்விட்டால் தானும் மூலையில்தான் கிடக்க வேண்டும் என்று அது பேசாமல் இருந்துவிட்டது.

புது ஃபோர்க் தாங்கும் என்ற தைரியத்தில், அதுவரை ஏறாத பெரிய மேட்டிலிருந்து சகாயம் தாவினான். தரையில் இறங்கிய வேகத்தில் பிரேம் கழுத்தோடு முறிந்தது.

சகாயத்தின் அடக்கமெல்லாம் முடிந்த பிறகு அவனுடைய அண்ணன் பிரேமை எடைக்குப் போட்டார். ஃபோர்க்கில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதைத் துடைத்து விற்றார்.

போன இடத்தில் இருந்த பிரேமும் கேட்டது: "புதுசு மாதிரி இருக்கே. உன்னை ஏன் வித்தாங்க?"

"ஓட்ட ஆள் இல்லை," என்றது ஃபோர்க்.