மூன்றாவது பதில்

"இந்த உருவகத் தாத்தாவோட மாரடிக்க என்னால முடியலக்கா," என்று தாளை மேசையில் போட்டாள் டீச்சர்.

அஞ்சல் வழித் தமிழ் வகுப்பு அது. பாடம் தபாலில் போகும், பயிற்சித்தாள் தபாலில் வரும். எல்லாம் சரியென்றால் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடலாம். தப்பிருந்தால் டீச்சரே போனில் கூப்பிட்டு விளக்க வேண்டும்.

"மறுபடியும் அதேதானா?" என்றாள் பக்கத்து மேசை அக்கா.

"மலர் போன்ற முகம்னு கொடுத்தா உருவகம்னு எழுதியிருக்கார். 'போன்ற'ன்னு கண்ணு முன்னாடி நிக்குது. உவமைன்னு தெரிய வேண்டாமா?"

"இந்த வயசுல இதையெல்லாம் யார் படிக்கச் சொன்னது?"

டீச்சர் எண்களை அழுத்தினாள். தாத்தா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க டீச்சரம்மா. அங்க மழை வந்துச்சா?"

"மழை இருக்கட்டும் சார். மலர் போன்ற முகம்னா உவமை. முகமலர்னு ரெண்டையும் ஒண்ணாக்கினாத்தான் உருவகம். இதை ஆயிரம் தடவை சொல்லிட்டேன்."

"ஆயிரம்ங்கறது உயர்வு நவிற்சிம்மா," என்று சிரித்தார். "அஞ்சு தடவைதான்."

டீச்சரின் பேனா நின்றது.

"சார், உயர்வு நவிற்சி பத்தாவது பாடம். நீங்க இன்னும் நாலாவதையே தாண்டலையே?"

அந்தப் பக்கம் எங்கோ குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

"அச்சகத்துல முப்பது வருஷம் பிழை திருத்தினவன்ம்மா நான்."

"அப்புறம் ஏன் சார் தப்பாவே எழுதறீங்க?"

"சரியா எழுதினா தாள் மட்டும்தானே வரும்." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுக்காரி போனப்புறம் வாரத்துல நீங்க ஒருத்தர்தான் என்னைக் கூப்பிடறீங்க. உங்க வேலையைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. இனிமே ஒழுங்கா எழுதறேன்."

சொன்னபடியே செய்தார். அடுத்த வாரம் பத்துக்குப் பத்து. அதற்கடுத்த வாரமும் பத்துக்குப் பத்து. டீச்சர் முத்திரை குத்தி அனுப்பினாள். அவளுக்குத்தான் என்னவோ போலிருந்தது.

மூன்றாவது வாரத் தாளில், உவமைக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்த மூன்றாவது கேள்விக்கு, குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தார்: 'யாரும் பிரிக்காத கடிதம் போல வீட்டில் கிடக்கிறேன்.'

டீச்சர் முத்திரையைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"சார், உங்க மூணாவது பதில் தப்பு."

அக்கா தாளை எட்டிப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தானேம்மா எழுதியிருக்கார்?"

டீச்சர் உதட்டில் விரல் வைத்தாள்.

போனில் அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்படியா டீச்சரம்மா? எனக்கு எதுவும் சட்டுனு மண்டையில ஏறாது. மெதுவாவே சொல்லுங்க."