தொலையாத ஒன்று

தைப்பேயில் சாரல் அடிக்கும் மதியம். தேநீர்க் கடை மேசையில் மூன்று கைபேசிகள் மல்லாந்து கிடக்கின்றன. மூன்றிலும் வெவ்வேறு கால்குலேட்டர் செயலிகள். அவற்றின் நிரலை யாரும் பிரித்துப் பார்த்துத் திருத்தலாம், காசு கிடையாது. மாலையில் நிரல் எழுதுவோர் கூட்டத்தில் ஒன்றைத்தான் சிறந்தது என்று சொல்லப் போகிறார்கள். நடுவிலிருப்பது யூசின் எழுதியது. அது மக்கர் பண்ணாமலிருக்க, ஊர் வழக்கப்படி அதன் தலைமாட்டில் பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம் வைத்திருக்கிறாள். மஞ்சள் வைத்தால் எந்த இயந்திரமும் முரண்டு பிடிக்கும்.

"பொட்டலத்த நம்பியா எழுதுன?" என்று சிரிக்கிறான் எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பன் போவெய்.

"வாய மூடிட்டுக் கணக்கச் சொல்லுடா."

"ஒண்ணு போட்டு நூறு சைபர். அதோட ஒண்ணு கூட்டு. அப்புறம் அந்தப் பெரிய நம்பரையே கழி."

மிச்சம் ஒன்று என்று குழந்தையும் சொல்லும். முதல் கைபேசி பூஜ்யம் காட்டுகிறது. யூசினுடையதும் பூஜ்யம்தான்.

"அவ்ளோ கூட்டத்துல ஒத்த ஆள் தொலைஞ்சே போயிட்டான்," என்கிறான் போவெய். மூன்றாவது திரை ஒரு கணம் தயங்குகிறது. பிறகு, மழை வெளிச்சம் படிந்த கண்ணாடியில் தன்னந்தனியாக வந்து நிற்கிறது ஒன்று. போவெய்யின் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

"யாரு எழுதுனது?"

"தெரியல. பேரே போட்டுக்கல."

யூசின் பச்சைப் பொட்டலத்தை இரண்டு கைகளாலும் எடுத்து, மூன்றாவது கைபேசியின் தலைமாட்டில் வைக்கிறாள்.